புது சிஸ்டம் போட்டாச்சு, வைஃபை எங்கே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எல்லாத்தையும் மாட்டிட்டேன். ஆன் ஆயிடுச்சு, விண்டோஸும் ஏறிடுச்சு. இப்ப நெட்டு கேக்குது. வைஃபை லிஸ்டே வரல. நெக்ஸ்ட் பட்டன் மங்கிக் கெடக்கு, அமுக்க முடியல." ஒரு வாரமாக வீடியோ பார்த்துப் பார்த்து டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றை ஒவ்வொரு திருகாக முடுக்கிப் போட்டவன். ப்ராசஸரை உட்கார வைக்கும்போதுகூட அவன் கை நடுங்கவில்லையாம். இந்த ஒரு திரைக்கு வந்ததும் குரல் உடைந்துவிட்டது.

வலங்கைமான் பக்கம் எங்கள் சுற்றுவட்டத்தில் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாட்டும்போது வருகிற சந்தேகத்தைவிட, மாட்டி முடித்தபின் வருகிற இந்த நெட் தகராறுக்குத்தான் எனக்கு அதிகம் போன் வருகிறது. பாதிப் பேர் போர்டு (மதர்போர்டு) பழுது என்றே முடிவு கட்டி, அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறத் தயாராகிவிடுகிறார்கள். ஏற வேண்டாம். முக்கால்வாசி நேரம் வீட்டில் கிடக்கிற போன் கேபிளே போதும்.

சிக்கல் இதுதான். வைஃபை சிப்பை விண்டோஸ் அடையாளம் காண டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. விண்டோஸ் பென்டிரைவில், அந்தப் பதிப்பு தயாரான காலத்தில் புழங்கிய சிப்புகளுக்கான டிரைவர்கள் மட்டுமே இருக்கும். உங்கள் போர்டு அதற்குப் பின் வந்திருந்தால் அதில் உள்ள வைஃபை சிப் விண்டோஸுக்கு முன்பின் தெரியாத ஆள். இதோடு விண்டோஸ் 11 ஹோம் 2021-இல் வந்தபோதே முதல் அமைப்பில் நெட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 2022-இல் வந்த 22எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவுக்கும் அதே கதி.

சரி, வரிசையாகப் பார்ப்போம். வரிசையை மாற்றாதீர்கள், முன்னால் இருப்பவை காசு செலவில்லாதவை.

போர்டில் வைஃபை இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். இல்லாத வைஃபையை மூன்று நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். லேப்டாப்பும் போனும் வைஃபையோடுதான் பிறக்கின்றன. அந்தப் பழக்கத்தில் டெஸ்க்டாப் போர்டிலும் இருந்தே தீரும் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே போர்டு வைஃபை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாக விற்கும். விலை குறைந்ததை எடுத்திருந்தால் பெரும்பாலும் அதில் இருக்காது.

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி, லேன் (நெட் வயர் செருகும்) துளைகள் இருக்கிற தகட்டில், மரை வெட்டிய சின்னப் பித்தளைக் குமிழ்கள் இரண்டு அருகருகே நீட்டிக்கொண்டிருந்தால் வைஃபை இருக்கிறது. குமிழ் இல்லாமல் வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். கார்டு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள விட்ட இடம் அது. போர்டு பெயரின் வாலில் வைஃபை என்றோ, ஏசி, ஏஎக்ஸ் என்றோ ஒட்டு இருக்கிறதா என்றும் பெட்டியில் பாருங்கள். ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6.

இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன வாங்குவது என்பதைப் பிறகு சொல்கிறேன். இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

ஆன்டெனா

இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. முதன்முதலில் எனக்கே எனக்கென்று போட்ட சிஸ்டம். டிரைவர் ஏறிவிட்டது, வைஃபை பெயர்களும் வந்தன, ஆனால் எங்கள் வீட்டு ரவுட்டருக்கே ஒரு கோடுதான். பத்தடி தள்ளிப் போனால் அதுவும் காணோம். இரண்டு சாயங்காலம் டிரைவரை அழித்து அழித்து ஏற்றினேன். ரவுட்டரைக் குறை சொன்னேன். லைன் போட்டுக் கொடுத்த தம்பியை வரவழைத்து அவரையும் குறை சொன்னேன். மூன்றாம் நாள், பரணிலிருந்து நவராத்திரி பொம்மைப் பெட்டியை இறக்க ஏறியபோது, போர்டு பெட்டி கையில் தட்டுப்பட்டது. உள்ளே, அட்டைத் தடுப்புக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இரண்டு ஆன்டெனாக்கள்.

ஆன்டெனா இல்லாமலும் வைஃபை கொஞ்சம் வேலை செய்யும். அதுதான் ஆளைக் குழப்புகிறது. முற்றிலும் செத்திருந்தால் உடனே தேடியிருப்பேன்.

இரண்டையும் கையால் திருகினால் போதும், பிளையர் வேண்டாம். ஒன்று மட்டும் மாட்டி நிறுத்தாதீர்கள். இரண்டு வழியிலும் சேர்த்து அனுப்பி வாங்குவதால்தான் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வரும். கேபினட்டை மேசைக்கு அடியில் சுவரை ஒட்டித் தள்ளி வைத்தால் ஆன்டெனா இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். வயர் வைத்த ஆன்டெனா என்றால் மேசைமேல் எடுத்து வையுங்கள். குச்சி ஆன்டெனா என்றால் கேபினட்டைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்.

போன் கேபிள் வழியாக நெட்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சிஸ்டத்தோடு இணைத்தால், அந்தப் போனே ஒரு லேன் கார்டு போல நடிக்கும். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. வைஃபை சிப்பைத் தெரியாத விண்டோஸுக்குப் போனைத் தெரியும்.

கேபிளைக் கேபினட்டின் பின்பக்க யூஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே வயர் மாட்ட மறந்திருந்தால் அதுவேறு ஒரு தேடலாகிவிடும். போனில் செட்டிங்ஸ் போய், ஹாட்ஸ்பாட் இருக்கிற பக்கத்திலேயே யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும். கேபிள் செருகும்வரை அது மங்கலாகத்தான் தெரியும். செருகியபின்னும் மங்கலாகவே இருந்தால் கேபிள்தான் காரணம். பஸ் ஸ்டாண்டில் வாங்குகிற மலிவுக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா போகும் கம்பி இருக்காது. போனோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

டெதரிங்கை ஆன் செய்த சில நொடிகளில் அந்த மங்கிய நெக்ஸ்ட் பட்டன் உயிர் பெறும். வராவிட்டால் ஒரு திரை பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: போன் உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போதே யூஎஸ்பி டெதரிங் போட்டால், பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே சிஸ்டத்துக்குக் கொடுக்கும். மொபைல் டேட்டா கரையாது. வீட்டில் ஃபைபர் இருந்தால் முதலில் போனை அதில் இணைத்துவிட்டுப் பிறகு டெதரிங் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வருகிற பேக்கை விண்டோஸ் அப்டேட் அரை மணியில் துடைத்துவிடும். மொபைல் டேட்டாதான் கதி என்றால், டெஸ்க்டாப் வந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். அப்டேட் தன் கையை மடக்கிக்கொள்ளும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டில் ஒரு ஆண்ட்ராய்டு கடன் வாங்குங்கள். ஐபோனைக் கேபிளில் பயன்படுத்த விண்டோஸில் ஆப்பிளின் டிரைவர் வேண்டும்; அதை இறக்க நெட் வேண்டும். மறுபடியும் பைத்தியம், கல்யாணம்.

இணையத்தில் தேடினால், ஷிப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அமுக்கி ஏதோ கட்டளை அடித்து இந்தத் திரையைத் தாண்டும் வித்தைகள் கிடைக்கும். பழைய பதிப்புகளில் நடந்தது. மைக்ரோசாப்ட் 2025-இலிருந்து அந்தச் சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது. போன் கேபிள் பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கு மெனக்கெடுவானேன்?

டிரைவர்

டெஸ்க்டாப் வந்துவிட்டது, போன் வழியாக நெட் ஓடுகிறது. சில நேரம் விண்டோஸே டிரைவரை இறக்கிக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்பதையும் திறந்து பாருங்கள். வைஃபை டிரைவர் அங்கே ஒளிந்திருப்பதுண்டு.

வரவில்லையா? ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒன்று நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வரும், ஏனென்றால் சிப் உயிரோடு இருக்கிறது, பெயர் மட்டும்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அதை இரட்டைக் கிளிக் செய்து, 'டீட்டெய்ல்ஸ்' போய், 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஒரு எண் வரிசை வரும். அதில் வென்டர் எண் (சிப் கம்பெனியின் அடையாளம்) 8086 என்றால் இன்டெல். 14சி3 என்றால் மீடியாடெக். 10இசி என்றால் ரியல்டெக். ஏஎம்டி ப்ராசஸர் போர்டுகளில் மீடியாடெக் அடிக்கடி வரும்; அதன் ஒரு சிப்பை ஏஎம்டி ஆர்இசட்616 என்ற பெயரிலும் பார்க்கலாம், அதற்காகக் குழம்ப வேண்டாம்.

இந்த எண் எதற்கு? ஒரே பெயருள்ள போர்டில்கூட, ஒரு தொகுதியில் ஒரு கம்பெனி சிப்பும் அடுத்த தொகுதியில் வேறு கம்பெனி சிப்பும் வருவது உண்டு. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் போனால் வைஃபை டிரைவர் என்று மூன்று கிடக்கும். எது உங்களுடையது என்று இந்த எண்தான் சொல்லும். போர்டின் ஓரத்தில் ரெவிஷன் எண் அச்சிட்டிருந்தால் அதையும் பார்த்து எடுங்கள்.

டிரைவரைப் போர்டு கம்பெனி தளத்திலிருந்தோ, இன்டெல் என்றால் இன்டெல் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் ஏற்றித் தருகிறோம் என்று கூவுகிற மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை ஏற்றுகிற டிரைவர் ஒன்று என்றால், கூடவே வருகிற விளம்பரக் குப்பை நாலு.

போனும் கேபிளும் ஒத்துழைக்காத வீட்டில் வேறு வழி: வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் அந்த நெட் கேட்கும் திரையிலேயே 'இன்ஸ்டால் டிரைவர்' என்று ஒரு பட்டன் இருக்கும். இங்கே ஒரு பொறி. அந்தப் பட்டன் செட்டப் கோப்பை ஏற்காது. ஐஎன்எஃப் என்று முடிகிற கோப்பு இருக்கிற ஃபோல்டரைத்தான் கேட்கும். ஜிப்பாகக் கிடைப்பதை இறக்கி, பிரித்து, ஃபோல்டராகப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். இன்டெல் சிப்புக்கு, ஐடி நிர்வாகிகளுக்கு என்று குறிப்பிட்டுத் தனியாக ஒரு ஜிப் தருகிறார்கள், அதை எடுங்கள். நீங்களும் நானும் நிர்வாகி இல்லைதான், பரவாயில்லை.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் இல்லை, வைஃபை என்ற பேச்சே இல்லை என்றால் பயாஸில் (போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை) நுழைந்து, போர்டிலேயே உள்ள சாதனங்கள் பட்டியலில் வைஃபை அணைந்திருக்கிறதா பாருங்கள். நேற்றுவரை இருந்து இன்று காணாமல் போயிருந்தால் வேறு வைத்தியம்: ஷட்டவுன் செய்து, பின்னால் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது நொடி அமுக்கிப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். விண்டோஸின் சாதாரண ஷட்டவுன் முழுதாக அணைவதில்லை என்பதால், மயங்கிக் கிடக்கும் சிப் அப்படியே மயக்கத்திலேயே மறுநாளும் எழும். இந்த முப்பது நொடி வைத்தியத்தால் நான் மூன்று பேருக்குக் கைராசிக்காரனாகத் தெரிகிறேன்.

தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். கடையில் வெகுநாள் கிடந்த போர்டில் சிஆர்2032 பேட்டரி இறங்கிப்போய், தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். அப்போது வைஃபை இணையும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும்.

போர்டில் வைஃபை இல்லாதவர்களுக்கு

முதல் யோசனை, லேன் கேபிள். ஒரே இடத்தில் நிற்கப்போகிற பெட்டிக்கு வயரைப்போல உறுதியானது எதுவும் இல்லை. கேட் 6 கேபிள் நூறு மீட்டர் வரை போகும். நம் வீடுகளுக்குத் தாராளம். கரண்ட் வயர் போகிற குழாயிலேயே சேர்த்து இழுக்காதீர்கள், தனிக் குழாய் போடுங்கள். குழாய் கட்டாயம். அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுக்குள்தான் வரும், வந்ததும் முதலில் ருசி பார்ப்பது வயரைத்தான்.

சுவரை இடிக்க முடியாது, வாடகை வீடு என்றால் போர்டில் மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு நல்லது. கிராபிக்ஸ் கார்டு அடுத்த துளையை மறைத்திருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கார்டோடு ஒரு மெல்லிய வயரும் வரும். அதை போர்டின் யூஎஸ்பி முள்களில் செருக வேண்டும். செருகாவிட்டால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. 'கார்டு பாதி பழுது' என்று திருப்பி அனுப்பியவர்களின் கதை பெரும்பாலும் இந்த வயர்தான்.

எம்.2 வடிவத்தில் சின்ன கார்டும் கிடைக்கும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் எந்த போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அதற்கென்று வடிவமைத்த இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் ஓடும், ஏஎம்டி போர்டில் துளைக்குள் போகும், ஆனால் பேசாது. கடைசி எண் ஒன்றா சுழியா என்பதில் காசு போய்விடும், கவனம். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 துளையும் இதற்கான துளையும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

யூஎஸ்பி டாங்கிள் கடைசி. விரல் நகம் அளவில் 150 எம்பிபிஎஸ் என்று எழுதி விற்பவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்தவை. அவசரத்துக்கு ஆகும். அதன் டிரைவர் ஒரு குட்டி சிடியில் வரும். புதுக் கேபினட்டில் சிடி போடத் துளையே இல்லை என்பது தயாரிப்பவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. சிலவற்றில் டாங்கிளுக்குள்ளேயே டிரைவர் இருக்கும். செருகியதும் மை கம்ப்யூட்டரில் ஒரு சிடி டிரைவ் போலத் தெரியும். அதைத் திறந்து செட்டப்பை ஓட்டியபின்தான் அது வைஃபையாக மாறும். டாங்கிளை நீலநிற யூஎஸ்பி 3 துளையில், பக்கத்தில் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கச் செருகினால் 2.4 சிக்னல் தடுமாறும்; யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. கறுப்பு யூஎஸ்பி 2 துளையிலோ, ஒரு முழ நீட்டிப்பு வயரிலோ மாட்டுங்கள்.

போனில் தெரிகிறது, சிஸ்டத்தில் தெரியவில்லை

மற்ற வைஃபை எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டரின் சேனலைப் பாருங்கள். இந்தியாவில் 2.4-இல் 13 சேனல் வரை பயன்படுத்தலாம். ஆனால் சில கார்டுகள் அமெரிக்கக் கணக்கில் 11-ஐத் தாண்டிப் பார்ப்பதில்லை. ரவுட்டர் தானாகப் 12, 13-இல் போய் உட்கார்ந்துகொண்டால் போனுக்குத் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியாது. ரவுட்டரில் நுழைந்து 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் டாங்கிளுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இணைந்துவிட்டது, 'நோ இன்டர்நெட்' என்கிறது என்றால் சிஸ்டத்தை விட்டு எழுந்துபோய் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் தெருவில் எங்கோ லைன் அறுந்திருக்கிறது. கரும்பு லாரியோ, மரக்கிளையோ, குரங்கோ. போனில் நெட் ஓடி சிஸ்டத்தில் மட்டும் ஓடாமல், ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இதற்கு முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

நம் வீடும் அலையும்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி சொல்வது கும்பகோணம், பாபநாசம், திருவாரூர் பக்கத்து வீடுகளுக்கு. பெட்டிமேல் போட்டிருக்கும் பரப்பளவுக் கணக்கு எல்லாம் பலகைச் சுவர் வைத்த வெளிநாட்டு வீட்டை நினைத்துப் போட்டது. நம் பழைய வீடு தெருவுக்கு ஒடுக்கம், உள்ளே நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடி கனம். லைன் போட வருகிறவர் கேபிள் மிச்சம் பிடிக்க ரேழியிலேயே ரவுட்டரை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். சிஸ்டமோ இரண்டாம் கட்டு அறையில். நடுவில் மூன்று சுவர்.

அவர் வரும் அன்றே பக்கத்தில் நின்று, கூடத்தில் முற்றத்தைப் பார்த்தபடி மாட்டச் சொல்லுங்கள். இன்னொரு பத்து மீட்டர் ஃபைபர் பெரிய விஷயமில்லை. முற்றம் என்பது வைஃபைக்கு வாசல். சுவரைத் துளைக்க முடியாத அலை திறந்த வெளியில் இறங்கி எதிர்க்கட்டுக்குப் போய்விடும். எங்கள் பெரியப்பா வீட்டில் ரேழியிலிருந்து முற்றத்தூணுக்கு ரவுட்டர் இடம் மாறியதும், அதுவரை ஒரு கோடு காட்டிய அறையில் மூன்று கோடு வந்தது. சாரல் படாத தூணாகப் பாருங்கள்.

புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் கதை வேறு. சுவர் மெலிசு, தளம்தான் எதிரி. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஏறுவது கஷ்டம். மாடிப்படிக்கு நேரே ரவுட்டர் இருந்தால் படி வழியாகக் கொஞ்சம் ஏறும். பொதுவாக, ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5-இல் இணையுங்கள். அதற்கு மேல் சுவர் வந்தால் 2.4. வேகம் குறைவுதான், ஆனால் அறுந்து அறுந்து வராது.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரையோ சிஸ்டத்தையோ வைக்காதீர்கள். கண்ணாடி வைத்த பீரோவும் அப்படித்தான். மாடியில் நிறைந்திருக்கும் தண்ணீர் டாங்க் அலையைக் குடித்துவிடும். நெல் நிரம்பிய பத்தாயமும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை ஈரம் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஈரம் எல்லாம் தண்ணீர்தானே. சம்பா அறுவடைக்குப் பின் சிக்னல் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னபோது நானும் சிரித்தேன். போய்ப் பார்த்தால் ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவே மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டாத கட்டுக்கு, பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதை லேன் கேபிளில் இழுத்து அங்கே வையுங்கள். அதன் முகவரியை மாற்றி, டிஹெச்சிபியை (மற்ற சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வான் (WAN) துளையில் அல்லாமல் லேன் துளையில் செருக வேண்டும். கம்பியில்லாமல் சிக்னலை நீட்டித்துத் தருகிற எக்ஸ்டெண்டர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. கோடு நிறையக் காட்டும், வேகம் பாதியாகிவிடும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்

இடி இடிக்கும்போது ரவுட்டர் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது; ஆனால் கரண்ட் கம்பி வழியாக வருவது அடாப்டரை, ரவுட்டரை, லேன் கேபிள் வழியாக உங்கள் புது போர்டையும் தேடி வரும். வீட்டிலிருந்து கொல்லைக் கொட்டகைக்கு வெளியில் லேன் கேபிள் இழுத்திருப்பவர்கள் அதையும் கழற்றுங்கள். 12 வோல்ட் ரவுட்டர் யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் சின்னச் சின்னக் கரண்ட் வெட்டுக்கு நெட் அறுபடாது. உங்கள் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டி வந்தால் போன் கேபிள் வித்தையும் உதவாது. அதனால் எல்லாம் சரியாக ஓடும் இந்த நாளிலேயே, பிரித்த வைஃபை டிரைவர் ஃபோல்டரையும் லேன் டிரைவரையும் ஒரு பென்டிரைவில் போட்டு, பெயர் எழுதி, போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மன்னார்குடிப் பையனுக்கு அன்று ராத்திரி பதினொன்றே காலுக்கு வைஃபை வந்தது. அக்கா போனில் ஆறு சதவீத சார்ஜ் மிச்சம். அந்த மீட்டர்ட் கனெக்‌ஷனை ஆஃப் செய்யச் சொல்ல மறந்துவிட்டேன். வைஃபைக்குத் தவறுதலாக அதைப் போட்டிருந்தானாம். மூன்று மாசமாக அப்டேட்டே வரவில்லை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னான். நீங்கள் டெதரிங் முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.